எங்கள் இறப்புகள் எந்தக் கட்டத்தில்? பிரித்தானியத் தமிழ் அமைப்புகளுக்கு ஒரு திறந்த மடல்

பிரித்தானியாவில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், கோயில் அறங்காவலர் சபைகள், ஊர் ஒன்றியங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ் வைத்தியர்கள், மருந்தாளர்கள் அனைவருக்கும்,

வணக்கம்.

2020 மார்ச் 1 முதல் ஏப்ரல் 17 வரை கொவிட்டால் இறந்தவர்களின் விகிதத்தைத் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் உள்ளூராட்சி வாரியாக வெளியிட்டது. முழு இங்கிலாந்திலும் வேல்ஸிலும் முதலிடம் நியூஹாமுக்கு: ஒரு இலட்சம் பேருக்கு 144 மரணம். இரண்டாமிடம் பிரெண்ட்: 141க்கு மேல். ஈஸ்ட்ஹாமும் அல்பேட்டனும் எந்த உள்ளூராட்சிக்குள் வருகின்றன என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. அதே மார்ச் மாதம் 19ஆம் திகதி இரவு, தீவிர சிகிச்சைக் கட்டில்கள் முடிந்துவிட்டன என்று நெருக்கடி நிலையை அறிவித்தது நோர்த்விக் பார்க் வைத்தியசாலை. ஹரோ, வெம்பிளித் தமிழ்க் குடும்பங்களில் பாதிப் பேருக்குப் பிள்ளை பிறந்த இடம் அதுதான்.

இத்தனையும் எங்கள் வாசலில் நடந்தது. எங்களில் எத்தனை பேர் போனார்கள் என்று கேட்டால் கையில் எடுத்துக் காட்ட ஒரு தாள் இல்லை.

இந்த மடலை அமைச்சருக்கு எழுதலாமே என்று சிலர் கேட்பீர்கள். அமைச்சருக்கு எழுதுவதற்கும் முதலில் ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை உண்டாக்கும் வசதி உங்களிடம் இருக்கிறது, அதனால் உங்களுக்கு.

அரசு கண்டுபிடித்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 2020 ஜூன் 2 அன்று இங்கிலாந்துப் பொதுச் சுகாதாரத் துறையின் ஆய்வு வந்தது. வயது, பால், வறுமை நிலை, வாழும் பகுதி எல்லாவற்றையும் கழித்துப் பார்த்த பிறகும், வெள்ளைப் பிரித்தானியரோடு ஒப்பிட்டால் வங்கதேசத்தவருக்கு இறக்கும் ஆபத்து ஏறத்தாழ இரண்டு மடங்கு. சீனர், இந்தியர், பாகிஸ்தானியர், 'பிற ஆசியர்', கரிபியர் ஆகியோருக்கு 10 முதல் 50 வீதம் கூடுதல். என்ன தொழில் செய்தார்கள், ஏற்கெனவே என்ன நோய் இருந்தது என்பவை அந்தக் கணக்கில் சேர்க்கப்படவில்லை. என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் பகுதியும் அதில் இல்லை. அது தனி அறிக்கையாக, எதிர்ப்பு எழுந்த பிறகு, ஜூன் 16 அன்றுதான் வெளிவந்தது. பேராசிரியர் கெவின் ஃபென்டன் தலைமையில் 4,000க்கு மேற்பட்டவர்களிடம் கருத்துக் கேட்டு எழுதப்பட்டது அது. அதன் முதல் பரிந்துரைகளிலேயே ஒன்று, மரணப் பதிவில் இனத்தையும் பதியுங்கள் என்பது.

'பிற ஆசியர்' என்ற சொல்லில் கொஞ்சம் நில்லுங்கள். தேசிய சுகாதார சேவையின் தரவுகளில் இனங்களுக்கு ஆங்கில எழுத்துக்களில் குறியீடு உண்டு. இந்தியருக்கு எச், பாகிஸ்தானியருக்கு ஜே, வங்கதேசத்தவருக்கு கே. இலங்கையில் இருந்து வந்த நாங்கள் எல், அதாவது 'பிற ஆசியர்'. அதே எல்லுக்குள்தான் நேபாளிகளும் பிலிப்பைன்காரரும் இருக்கிறார்கள். வல்வெட்டித்துறையில் பிறந்து பெற்றோல் செட்டில் இரவு வேலை செய்யும் அறுபது வயது அண்ணரும், மணிலாவில் இருந்து வந்த தீவிர சிகிச்சைத் தாதியும் ஒரே வரிசையில் கூட்டப்பட்டு, ஒரே சராசரியாக வெளியே வருகிறார்கள். தமிழ்நாட்டில் இருந்து வந்த எங்கள் உறவுகளோ எச்சுக்குள், குஜராத்தியரோடும் பஞ்சாபியரோடும் கலந்து போகிறார்கள். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தமிழை முதன்மை மொழி என்று எழுதியவர்கள் மட்டும் ஒன்றேகால் இலட்சம் பேர். வீட்டில் ஆங்கிலம் பேசும் எங்கள் பிள்ளைகளைச் சேர்த்தால் இன்னும் எவ்வளவோ கூடும். ஆனாலும் மரண அட்டவணையில் எங்களுக்கு ஒரு வரி கிடையாது.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், வரி போடுவதற்கான வசதி எப்போதோ இருக்கிறது. குடும்ப வைத்தியரின் கணினியில் 'தமிழர்' என்றே ஒரு இனக்குறியீடு உண்டு. 'இலங்கையர்' என்று வேறு ஒன்றும் உண்டு. வரவேற்பு மேசையில் படிவத்தை வாங்கியவர் எதைத் தட்டினாரோ அதுதான் பதிவில் நிற்கும். பெரும்பாலும் 'பிற ஆசியர்' என்று தட்டிவிட்டுப் போவார்கள். அல்லது வெறுமையாக விடுவார்கள். எங்கள் அம்மாமாரை 'இந்தியர்' என்று போட்டிருப்பதும் நடக்கிறது. நாங்களும் அவசரத்தில் ஏதோ ஒரு கட்டத்தில் சரி போட்டுவிட்டு வந்து விடுவோம்.

இரண்டாவது ஓட்டை இன்னும் ஆழமானது. இறப்புகளை இனவாரியாகப் பிரிக்கத் தேசியப் புள்ளிவிபர அலுவலகம் என்ன செய்தது தெரியுமா? மரணப் பதிவில் இனம் இல்லை என்பதால், இறந்தவரை 2011 கணக்கெடுப்பில் தேடிப் பிடித்து, அங்கே அவர் என்ன எழுதியிருந்தார் என்று பார்த்தது. 2011 மார்ச்சுக்குப் பின் இந்த நாட்டுக்கு வந்தவர்களுக்கு அந்தக் கணக்கெடுப்பில் வரி எங்கே இருக்கும்? வன்னிப் போர் முடிந்த பிறகு எத்தனை பேர் எந்தெந்த வழியாக வந்து சேர்ந்தார்கள் என்று உங்களுக்குத் தெரியும். அந்தக் கணக்கெடுப்புப் படிவம் வந்தபோது பயத்தில் பெயர் எழுதாமல் இருந்தவர்களையும் உங்களுக்குத் தெரியும். எவருக்கு ஆபத்து அதிகமாக இருந்திருக்கக் கூடுமோ, அவரே கணக்குக்கு வெளியே நின்றார்.

நான் தொழிலால் மருத்துவ மொழிபெயர்ப்பாளர். 2020 வசந்த காலத்தில் மரணப் பதிவுகளைத் தொலைபேசியில் செய்ய அவசரச் சட்டம் இடம் கொடுத்தது. ஆங்கிலம் வராத அம்மாக்களுக்காக அந்த அழைப்புகளில் நானும் இருந்திருக்கிறேன். பதிவாளர் பொறுமையானவர்தான். இறந்தவரின் பெயர், தொழில், பிறந்த திகதி, பிறந்த இடம். 'பருத்தித்துறை' என்பதை எழுத்துக் கூட்டிச் சொல்லி, அவர் திருப்பி வாசித்து, நான் திருத்தி, மறுபடியும் வாசிக்க அவ்வளவு நேரம் போகும். அந்தப் பக்கம் அம்மா அழுதுகொண்டு இருப்பார். பருத்தித்துறையைச் சரியாக எழுதி முடித்த பதிவாளர், அவர் எந்த இனம் என்று கேட்கமாட்டார். கேட்க அவருடைய படிவத்தில் இடமில்லை. ஸ்கொட்லாந்தில் அப்போதே கேட்டார்கள்.

அடுத்த நாள் எங்கள் பக்கத்தில் மரண அறிவித்தல் வரும். யாழ். பருத்தித்துறையைப் பிறப்பிடமாகவும், லண்டன் ஈஸ்ட்ஹாமை வதிவிடமாகவும் கொண்டவர் என்று தொடங்கி, காலஞ்சென்ற பெற்றோர், மைத்துனர், சகலன், பூட்டப்பிள்ளை வரை ஒருவரையும் விடாமல் எழுதியிருப்பார்கள். உலகத்தில் வேறெந்தச் சமூகமும் தன் இறந்தவர்களை இவ்வளவு விபரமாகப் பதிவு செய்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஆனால் காரணம்? 'திடீர் சுகவீனம்' அல்லது ஒன்றுமேயில்லை. கொரோனா என்று எழுதினால் பிரேதத்தைப் பார்க்க வரமாட்டார்கள், வீட்டுக்காரரைத் தள்ளி வைப்பார்கள், கடைக்கு ஆட்கள் வரமாட்டார்கள். அந்தப் பயம் எனக்கு விளங்குகிறது. அரசின் தாளில் காரணம் இருந்தது, நாங்கள் இல்லை. எங்கள் அறிவித்தலில் நாங்கள் இருந்தோம், காரணம் இல்லை.

இனி, சங்கக் கூட்டங்களில் நான் அடிக்கடி கேட்கும் விளக்கத்துக்கு வருகிறேன். "எங்கட ஆக்களுக்குச் சீனி வருத்தமும் பிரஷரும் கூட, அதுதான்." அல்லது, கொஞ்சம் வாசித்தவர்கள் சொல்வது: "அது ஜீனில இருக்காம்." இரண்டிலும் உண்மை இருக்கிறது. நீரிழிவு தெற்காசியருக்கு இளவயதிலும் குறைந்த எடையிலும் வருகிறது. ஒக்ஸ்போர்ட் ஆய்வாளர்கள் 2021 நவம்பரில் வெளியிட்ட ஆய்வில், நுரையீரல் செயலிழக்கும் ஆபத்தை இரட்டிப்பாக்கும் ஒரு மரபணு வடிவம் தெற்காசிய வம்சாவளியினரில் சுமார் 60 வீதத்தினரிடமும் ஐரோப்பிய வம்சாவளியினரில் 15 வீதத்தினரிடமும் இருப்பதாகச் சொன்னார்கள். சரி. ஆனால் அலைகளைப் பாருங்கள். முதல் அலையில் மிக மோசமாகப் பாதிக்கப்பட்டவர்களில் கறுப்பின ஆபிரிக்கர் முன்வரிசையில் இருந்தார்கள். இரண்டாம் அலையில் அவர்களுக்கும் வெள்ளையருக்கும் இடையிலான இடைவெளி சுருங்கியது. வங்கதேச ஆண்களின் இறப்பு விகிதமோ, வயதை மட்டும் சரிசெய்து பார்த்தால், வெள்ளைப் பிரித்தானியரைப் போல 5 மடங்காக ஏறியது. நடுவில் கழிந்தவை சில மாதங்கள். சில மாதத்தில் யாருடைய மரபணுவும் மாறாது. மாறியது யார் வேலைக்குப் போனார்கள், எந்த ஊரில் தொற்று ஓடியது, எந்த வீட்டில் எத்தனை தலைமுறை இருந்தது என்பவை. வீட்டு நெருக்கடி என்று பார்த்தால், 2016 முதல் 2019 வரையான கணக்கில் இங்கிலாந்தில் வெள்ளைப் பிரித்தானியக் குடும்பங்களில் 2 வீதம் இடம் போதாமல் வாழ்ந்தது. வங்கதேசக் குடும்பங்களில் 24 வீதம். தமிழ்க் குடும்பங்களுக்கு? எல்லுக்குள் தேடுங்கள்.

மரபணு என்று சொன்னால் யாருக்கும் பொறுப்பில்லை. அதனால்தான் அந்த விளக்கம் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது.

பொறுப்பைப் பற்றிக் கதைத்தால் சில முகங்கள் சுருங்கும் என்று தெரியும். இருந்தாலும் எழுதுகிறேன். 2020 ஏப்ரலில் சட்டப்படியான சுகவீனக் கொடுப்பனவு வாரத்துக்கு 95.85 பவுண்ஸாக இருந்தது. அதுவும் வாரம் சராசரியாக 120 பவுண்ஸாவது உழைத்தவருக்கு மட்டும். இப்போது எங்கள் கடைகளுக்கும் பெற்றோல் செட்டுகளுக்கும் வாருங்கள். ஆள் வாரம் அறுபது மணித்தியாலம் நிற்பார். கணக்கில் 13 மணித்தியாலம் காட்டுவார்கள், மிச்சம் கைக்காசு. அன்றைய ஆகக் குறைந்த சம்பளம் மணிக்கு 8.72. பெருக்கிப் பாருங்கள், 113 பவுண்ஸ் சொச்சம். 120ஐத் தொடவில்லை. காய்ச்சல் வந்து வீட்டில் படுத்தால் அன்றைய சட்டம் அவருக்கு ஒரு சதமும் தராது, முதலாளியும் தரமாட்டார். அறை வாடகை நிற்காது, ஊருக்கு அனுப்பும் காசும் நிற்காது. பரசிட்டமோலைப் போட்டுக்கொண்டு கல்லாவில் போய் நிற்பதைத் தவிர அவருக்கு என்ன வழி இருந்தது? கல்லாவுக்கு முன்னால் கண்ணாடித் தடுப்புப் போட்ட முதலாளிமாரும் இருந்தார்கள், முழுச் சம்பளம் கொடுத்து வீட்டில் இருத்தியவர்களும் இருந்தார்கள். அவர்களுக்கு என் வணக்கம். மற்றவர்கள்? உங்கள் ஆண்டு விழா மலரின் பின்னட்டையில் முழுப்பக்க விளம்பரத்தோடு இருக்கிறார்கள். அவர்களை நிவாரணப் பொதி கொடுத்த வள்ளல்களாகப் பொன்னாடை போர்த்தினீர்கள். அந்தப் பொதி போன வீடுகளில் சிலவற்றில் அவர்களுடைய வேலையாட்களே இருந்தார்கள்.

படித்து நல்ல வேலையில் இருந்தவர்களும் தப்பவில்லை என்பதையும் சொல்லவேண்டும். கொவிட்டால் இறந்ததாக முதலில் அறியப்பட்ட 10 வைத்தியர்களும் சிறுபான்மை இனத்தவர். தாதியரின் தொழிற்சங்கமான அரச தாதியர் கல்லூரி 2020 மே மாதம் நடத்திய கருத்துக்கணிப்பில், ஆபத்தான பிரிவுகளில் வேலை செய்தோரில் வெள்ளைத் தாதியரில் 66 வீதத்தினர் கண்ணுக்கும் முகத்துக்கும் போதிய பாதுகாப்புச் சாதனம் கிடைப்பதாகச் சொன்னார்கள். சிறுபான்மைத் தாதியரில் 43 வீதத்தினர்தான் அப்படிச் சொன்னார்கள். ஒரே வைத்தியசாலைக் களஞ்சியம், ஒரே முகமூடிப் பெட்டி. 'இல்லை' என்றால் எதிர்த்துக் கேட்கக்கூடியவர் யார், விசாவை நினைத்து வாயை மூடிக்கொண்டு வார்டுக்குள் போகக்கூடியவர் யார் என்பதுதான் அந்த இரண்டு எண்களுக்கும் இடையில் கிடக்கிறது.

விரலில் மாட்டும் அந்தச் சின்ன ஒட்சிசன் மானியை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வாட்ஸ்அப்பில் கொத்தமல்லிக் கசாயமும் ஆவி பிடிக்கும் முறையும் ஓடிக்கொண்டிருந்த நேரத்தில், மகன்மார் அமேசனில் அதை வாங்கி அப்பாவின் விரலில் மாட்டிவிட்டார்கள். பிறகு சுகாதார சேவையே வீட்டுக்கு அனுப்பத் தொடங்கியது. 95க்கு மேல் என்றால் வீட்டில் இருங்கள், 93, 94 என்றால் வைத்தியரைக் கூப்பிடுங்கள், 92க்கு இறங்கினால் உடனே வைத்தியசாலை. அந்தக் கருவி விரலுக்குள் ஒளியைச் செலுத்தி, இரத்தம் அதை எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்துக் கணக்குச் சொல்கிறது. தோலின் கருமையும் ஒளியை உறிஞ்சும். கறுத்த தோல் உள்ளவர்களுக்கு, உண்மையில் இருக்கும் ஒட்சிசனை விடக் கூடுதலாகக் காட்டுவதற்கு அது இடம் தருகிறது. 2020 டிசம்பரில் அமெரிக்காவில் வெளிவந்த ஆய்வில், கருவி 92க்கும் 96க்கும் இடையில் காட்டியபோது இரத்தப் பரிசோதனையில் உண்மையில் 88க்குக் கீழே இருந்தவர்கள் வெள்ளையரில் 3.6 வீதம், கறுப்பினத்தவரில் 11.7 வீதம். இங்கே 2021 நடுப்பகுதியில்தான் கபிலத் தோல், கறுப்புத் தோல் உள்ளவர்களுக்கான எச்சரிக்கையை அறிவுரையில் சேர்த்தார்கள். பேராசிரியர் மார்கரெட் வைட்ஹெட் தலைமையிலான சுயாதீன ஆய்வு 2024 மார்ச்சில் வந்து, குறை உண்மைதான் என்று எழுதியது. 94 என்று காட்டியதால் "இன்னும் ஒரு நாள் பாப்பம்" என்று காத்திருந்த வீடுகள் எத்தனையோ. கருவியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஒரு தரம் காட்டும் எண்ணை விட நேற்றைக்கும் இன்றைக்கும் எவ்வளவு இறங்கியது என்பதைப் பாருங்கள், மூச்சிழுக்கும் விதத்தைப் பாருங்கள் என்று தமிழில் எங்கள் அம்மா அப்பாவுக்குச் சொல்ல ஆள் வேண்டும். தமிழ் வைத்தியர்களே, அந்த ஆள் நீங்கள்தான். தொற்று இல்லாத காலத்திலும் ஆஸ்துமாக்காரருக்கும் இருதய நோயாளருக்கும் அதே கருவிதான்.

சரி, ஏன் இப்போது இதை எழுதுகிறேன்? 2024 செப்டெம்பர் 9 முதல், இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இறப்புக்கான காரணத்தை வைத்தியர் எழுதும் படிவத்தில் இனத்துக்கும் இடம் வந்துவிட்டது. நான்கு வருடம் பிந்தித்தான், ஆனாலும் வந்துவிட்டது. வைத்தியர் அதைத் தானாக ஊகித்து எழுதக் கூடாது; நோயாளி உயிரோடு இருக்கும்போது தானே சொல்லி மருத்துவப் பதிவில் இருப்பதைத்தான் எடுத்து எழுதவேண்டும். பதிவு வெறுமையென்றால் படிவமும் வெறுமை. அதாவது, அடுத்த தொற்று வரும்போது எங்கள் சாவு கணக்கில் வருமா வராதா என்பது இன்றைக்கு எங்கள் அம்மாவின் குடும்ப வைத்தியர் பதிவில் என்ன இருக்கிறது என்பதில் தங்கியிருக்கிறது. இன்னொன்று: கொவிட் பொது விசாரணையின் முதல் அறிக்கை 2024 ஜூலையில் வந்தது. தொற்றுக்கான முன்தயாரிப்புத் திட்டங்கள் சமூகத்தில் ஏற்கெனவே இருந்த சமத்துவமின்மைகளைக் கவனத்தில் எடுக்கவில்லை என்று விசாரணையின் தலைவரான முன்னாள் நீதிபதி ஹலெட் அதில் எழுதியிருக்கிறார். புதிய திட்டங்கள் இனி எழுதப்படும். எழுதுபவர்கள் எண்களோடு வருகிறவர்களைத்தான் உள்ளே கூப்பிடுவார்கள்.

ஆகவே கோயில் சபைகளுக்கு ஒரு வேண்டுகோள். தேர் அன்றைக்குத் தாகசாந்திப் பந்தலுக்குப் பக்கத்தில் ஒரு மேசை போடுங்கள். வருகிறவர்களின் கைத்தொலைபேசியில் சுகாதார சேவையின் செயலியைத் திறந்து, தங்கள் குடும்ப வைத்தியர் பதிவில் இனம் என்னவென்று இருக்கிறது என்று பார்க்க உதவுங்கள். அங்கே தெரியாவிட்டால் வரவேற்பு மேசைக்கு அனுப்ப இரண்டு வரிக் கடிதம் ஒன்று அச்சடித்து வையுங்கள்: என் இனத்தைத் தமிழர் என்று பதிவு செய்யவும். பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள் செய்வார்கள், கேட்டால் போதும். விசாப் பிரச்சினை உள்ளவர்கள் பயப்படுவார்கள். சுகாதாரத் தரவுகள் உள்துறை அமைச்சுக்குப் போன காலமும் இருந்ததால் அந்தப் பயம் வீண் பயமில்லை. அவர்களை வற்புறுத்த வேண்டாம். குடும்ப வைத்தியரிடம் பதிய முகவரிச் சான்றோ குடிவரவு ஆவணமோ கட்டாயமில்லை என்பதையாவது சொல்லி விடுங்கள்.

ஊர் ஒன்றியங்களிடம் கேட்பது வேறு, கொஞ்சம் கடினமானது. 2020இலும் 2021இலும் உங்கள் ஊரவர் யார் யார் இங்கே இறந்தார்கள் என்று உங்கள் செயலாளருக்குத் தெரியும்; அந்தியேட்டிக்குக் கல்வெட்டு அடித்தவர்களுக்குத் தெரியும். குடும்பம் சம்மதித்தால், பெயரை விட்டுவிட்டு வயது, என்ன வேலை, எந்த உள்ளூராட்சி, எந்த வருடம் இந்த நாட்டுக்கு வந்தவர், வீட்டில் எத்தனை பேர் என்பவற்றை மட்டும் எழுதி ஒன்று சேருங்கள். முழுமையாக வராது. எல்லாக் குடும்பமும் காரணத்தைச் சொல்லாது. பரவாயில்லை, குறையுள்ள பட்டியலும் நியூஹாம் பொதுச் சுகாதாரப் பணிப்பாளரின் மேசையில் வைக்கக் கூடிய பட்டியல்தான். அதை வைத்துக்கொண்டு, "உங்களிடம் உள்ள குடும்ப வைத்தியர் தரவைத் தமிழர் குறியீட்டால் பிரித்துக் காட்டுங்கள்" என்று தமிழ் வைத்தியர்கள் கேட்கலாம். நியூஹாம், ரெட்பிரிட்ஜ், பிரெண்ட், ஹரோ, மேர்ட்டன் என்று ஐந்து இடத்தில் கேட்டாலே பெரிய பகுதி வெளிச்சத்துக்கு வந்துவிடும்.

வர்த்தகர் சங்கங்களுக்கு நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆள் எத்தனை மணித்தியாலம் நிற்கிறாரோ அத்தனையையும் கணக்கில் காட்டுங்கள்.

எந்தச் சபையாவது இதை அடுத்த கூட்ட நிகழ்ச்சி நிரலில் போட்டால், அந்த இரண்டு வரிக் கடிதத்தையும் ஊர் ஒன்றியங்களுக்கான படிவத்தையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் நான் எழுதித் தருகிறேன், காசு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் நேரில் வந்து மேசையில் இருக்கவும் முடியும்.

இப்படிக்கு,
லண்டனில் இருந்து ஒரு மருத்துவ மொழிபெயர்ப்பாளர்